வெள்ளை சர்க்கரைக்கு, பச்சை காலுக்கு

காலை பத்து நாற்பது, பதினோரு மாத்திரை அட்டைகள், பெயர் ஞானாபரணம். இதுவரை கையிலிருக்கும் டேப் கணினியில் ஏற்றியாகிவிட்டது. வயது எழுபத்து மூன்று, பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு, பாளையங்கோட்டையில் சொந்த வீடு, உடன் இருப்பவர் மனைவி புஷ்பம். முதியோர் மருந்துப் பழக்கமும் செலவும், ஆய்வின் முதல் சுற்று. பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய். மின்விசிறி சுற்றுகிறது, காற்று எங்கே போகிறது என்று தெரியவில்லை. வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், நான் தொடக்கூடாது, ஒவ்வொன்றும் எதற்கு என்று அவரையே சொல்லவைக்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடி போட வேண்டும், முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. கடைசி விதிக்குத்தான் பயிற்சியில் ஒரு முழு மத்தியானம் போனது. எதிரெதிரே உட்காரவைத்து ஒருத்தி மோசமான பதில்களாகச் சொல்ல இன்னொருத்தி கல்லாக இருக்க வேண்டும். நான் நன்றாகக் கல்லாக இருந்தேன், இசக்கியம்மாளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஞானாபரணம் அட்டைகளை ஸ்பானர் அடுக்குகிற மாதிரி பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குகிறார், ஒன்று கோணலாக இருந்தால் விரலால் தட்டி நேராக்குகிறார், இந்த ஆளைப் போல ஒழுங்காக மாத்திரை போடுகிறவரை இந்த மாதம் முழுக்க நான் பார்க்கவில்லை. "கேளு பிள்ள, ஒவ்வொண்ணாச் சொல்லுதேன். இது நெஞ்சு. இது பிரஷர். இது வயிறு. இது தூக்கம், தூக்கமே வராது, அது வேற விஷயம்." உள்ளே இருந்து புஷ்பம் அம்மாவின் குரல்: "குறட்டை விட்டுத் தெருவையே எழுப்புதாவ, தூக்கம் வரலையாம்." எனக்குச் சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறேன், சிரிப்புக்கும் விதி உண்டு. "இந்த வெள்ளை சர்க்கரைக்கு. கவர்மென்ட்ல குடுக்கது, மாசா மாசம் போய் வாங்கிருவேன். இந்தப் பச்சை காலுக்கு. கால் எரிச்சலுக்கு நம்ம மார்க்கெட் பக்கத்து டாக்டர் எழுதினது. காலைல வெள்ளையும் பச்சையும் ஒண்ணா, கோயிலுக்குப் பொறப்படும்போது."

பச்சை காலுக்கு. நான் அதைப் போட்டேன். "பதிலளிப்பவர் கூறும் பயன்: கால்." பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன், அதுவும் விதியில் இருக்கிறது, பின்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக. பின்பக்கத்தில் உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி. கிளிமெபிரைடு. வெள்ளை அட்டையை ஏற்கெனவே படம் எடுத்துவிட்டேன், அதில் கம்பெனிப் பெயரே இல்லை, நேரடியாகக் கிளிமெபிரைடு. இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு. சர்க்கரையைக் கீழே தள்ளுகிற மருந்து. காலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டுதான், சர்க்கரையால்தான் கால் எரிகிறது, அதனால் அந்த டாக்டர் சர்க்கரையைக் குறைக்க எழுதியிருப்பார், இவர் காலைக் காட்டப் போனதால் கால் மாத்திரை என்று வைத்துக்கொண்டார். யார்மேல் குற்றம் சொல்ல. அந்த டாக்டருக்கு இந்த வெள்ளை தெரியாது. வெள்ளை கொடுக்கிறவர்களுக்குப் பச்சை தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தது இந்த மேசையும் நானும். கேட்டேன், கேள்வியில் இருப்பதைத்தான் கேட்டேன்: வேறு இடத்தில் வாங்கும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் சொல்வதுண்டா ஐயா? "அது எப்படிப் பிள்ள சொல்ல முடியும்? இங்க வந்துட்டு அங்கயும் போறேம்னா அவரு சங்கடப்படமாட்டாரா? மனுசன் ஒவ்வொரு தடவையும் என் தோள்ல கை வச்சுப் பேசுதாரு." மரியாதை. மரியாதைக்கு ஒரு குறியீடு இல்லை, இருப்பவை பயம், மறதி, நேரமின்மை, மற்றவை. மற்றவை என்று அழுத்தினேன். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஐயா, வெள்ளையும் பச்சையும் ஒரே மாத்திரை. அந்த வாக்கியம் நாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது, எடையோடு. ரத்தினகுமாரும் ஒரு வாக்கியம்தான் சொன்னான். என்னோடு பயிற்சி எடுத்தவன், என்னைவிடக் கெட்டிக்காரன். மேலப்பாளையத்தில் ஒரு அம்மாவிடம், இந்த ரெண்டும் ஒண்ணுதாம்மா, ஒண்ணை நிறுத்துங்க என்றான். அது ஒன்றில்லை, பெயர் ஒரு மாதிரி இருக்கிற வேறு மருந்து. பிரஷர் ஏறி அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது. அவனை அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் விதி தாளிலிருந்து சுவருக்கு வந்தது: பார், பதிவு செய், பேசாதே. ஆகவே விதி முட்டாள்தனமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முட்டாள்தனமாக இருந்தால் மீறிவிடலாம். எனக்கு உறுதியாகத் தெரியுமா? எழுத்து ஒன்றுதான். அளவு ஒன்றுதான். ஆனால் அந்த டாக்டர் கூட்டித்தான் கொடுக்க நினைத்தாரோ, ரத்தச் சோதனை பார்த்தாரோ, எனக்கென்ன தெரியும், நான் படித்தது விலங்கியல், தவளையைக் கீறியிருக்கிறேன்.

"காப்பி குடிக்கியா பிள்ள?" குடிக்கக்கூடாது, அதுவும் விதி, தண்ணீர் மட்டும் வாங்கலாம். புஷ்பம் அம்மா தண்ணீரோடு ஒரு தட்டில் முறுக்கும் வைத்துவிட்டுப் போகிறார், நான் அதைத் தொடமாட்டேன், தொடவில்லை என்பதை அவர் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வார். ஞானாபரணம் நெற்றியைத் துண்டால் ஒற்றுகிறார். எனக்கும் வேர்க்கிறது, ஆனால் அவருக்கு வேர்ப்பது வேறு மாதிரி, மேலுதட்டில் முத்து முத்தாக, விரல் நுனியில் லேசான நடுக்கம், அட்டை ஒன்று கோணலாகி, நேராக்கப் போன விரல் அடுத்ததையும் தட்டிவிட்டது. அடுத்த கேள்வி: கடந்த முப்பது நாளில் மயக்கம், தலைசுற்றல், படபடப்பு? "மயக்கம்னு சொல்ல முடியாது. காலைல ஒரு படபடப்பு வரும். பூசை பாதில. கை வெடவெடன்னு ஆடும். அதுக்கு நான் ஒரு வைத்தியம் வச்சிருக்கேன்." அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் இரண்டு விரல் விட்டு எடுத்துக் காட்டினார். பச்சைத் தாள் சுற்றிய மிட்டாய். "ஒண்ணை வாயில போட்டா அஞ்சு நிமிசத்துல சரியாயிரும். புஷ்பத்துக்குத் தெரியாது. சர்க்கரைக்காரன் முட்டாய் திங்கலாமா? தப்புத்தான். சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துலயே சொல்லிருக்கேன். அவரு சிரிச்சாரு." பிறகு குரலை இன்னும் தாழ்த்தி: "இந்தத் தவக்காலத்துக்கு இதைத்தான் விடப்போறேன். சாம்பல் புதன் உபவாசத்தன்னிக்கு விட்டா ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன். ஒவ்வொரு வருசமும் ஒண்ணை விடுவேன். போன வருசம் டீயை விட்டேன். அதுக்கு முந்தி பொடி. பொடி திரும்ப வரவே இல்ல." பொடி என்றதும் மூக்கைத் தடவிக்கொண்டார், ஒரு பழைய சிநேகிதனை நினைப்பது போல. மிட்டாய்தான் இவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையும் பச்சையும் சேர்ந்து சர்க்கரையைப் பாதாளத்துக்கு இழுக்க, தினமும் பூசைப் பாதியில் இந்த ஒற்றை மிட்டாய் மேலே இழுக்கிறது, அவர் அதைப் பாவம் என்று நினைக்கிறார், பதினைந்து நாளில் அதை விட்டுவிடப் போகிறார், அதுவும் உபவாசம் இருக்கிற அன்றைக்கு. ஐயா, உபவாசத்தன்று மாத்திரை? கேள்வியில் இல்லை, ஆனால் கேட்டுவிட்டேன், அது கேள்விதான், ஆலோசனை இல்லை. "மாத்திரையை எப்படி விடுவேன்? அது மருந்துல்லா. அதைப் போட்டுட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். மத்ததுதான் ஒண்ணும் கிடையாது, சாயந்தரம் கஞ்சி. வயசானவங்களுக்கு உபவாசத்துல விலக்கு உண்டுன்னு சாமியார் சொன்னாரு. விலக்கு அவரு சொன்னது, நான் எடுத்துக்கது இல்ல." கேட்டதற்கு வருத்தப்பட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் தெரியாமல் இருந்திருக்கும். தெரியாமல் இருப்பது ஒரு வசதி, இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் அந்த வசதியைத்தான் தொலைத்துக்கொண்டிருக்கிறேன்.

அபாயம் என்று பட்டால் ஒரு வழி இருக்கிறது. டேப்பில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தி, காரணம் எழுதி அனுப்பினால் சென்னையில் ஆய்வு மையத்து டாக்டர் பார்ப்பார், ஓரிரு நாளில் நேரடியாகப் போன் பண்ணி விசாரிப்பார், அவர் சொல்லலாம், அவர் டாக்டர். அதுதான் வழி, அதுதான் சரி, ஏன் இவ்வளவு நேரம் அல்லாடினேன். மூச்சு கொஞ்சம் இறங்கியது. அந்த மூச்சு முழுதாக இறங்குவதற்குள் மேசை ஓரத்தில் அவருடைய போன் அடித்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீட்டத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, கட் பண்ணினார். பெருமையாக. "தெரியாத நம்பர். எடுக்கப்பிடாதுன்னு மகன் சொல்லிருக்கான். சார்ஜால இருக்கான். பக்கத்துத் தெரு ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு, போனை எடுத்தாரு, பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு. அன்னைல இருந்து பேர் வராத நம்பர் எதுவும் நான் எடுக்கது கிடையாது." ஐயா, எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு டாக்டர் உங்களுக்குப் போன் பண்ணலாம், மருந்து விஷயமா, கட்டாயம் எடுங்க. இது சொல்லலாம், இதற்கு அனுமதி உண்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை, குழந்தைக்குச் சொல்கிற பொறுமை. "பிள்ள, அவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்களாம். டாக்டருன்னு சொல்லுவான், போலீஸ்னு சொல்லுவான், பேரன்னுகூடச் சொல்லுவானாம். மகன் எல்லாம் சொல்லித்தந்திருக்கான்." புஷ்பம் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, "இவிய என் தம்பி புது நம்பர்ல இருந்து கூப்பிட்டதையே எடுக்கல. ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்ல" என்றார். சரி, நம்பரை எழுதிக் கொடுத்துவிடலாமா. எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள் என்று எனக்கே தெரியாது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிடலாமா, அவரை எனக்குத் தெரியும், மூன்று தெரு தள்ளித்தான். பதிலளிப்பவரின் பெயரை வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து நிமிடம் முன்னால் இவரிடமே வாசித்துக் காட்டினேன்: நீங்கள் சொல்வது எதுவும் உங்கள் அனுமதியின்றி வேறு யாருக்கும் தெரிவிக்கப்படாது. அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். அந்த வாக்கியத்தை நம்பித்தான் மிட்டாயைக் காட்டினார். அனுமதி கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இதை நான் நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நினைத்தேன், நினைத்துவிட்டு ரத்தினகுமாரை நினைத்தேன், அந்த அம்மாவின் கோணிய வாயை நினைத்தேன், எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செலவுப் பகுதி. இதை வாசிக்கும்போது குரல் தானாகத் தட்டையாகிவிடுகிறது, பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்கிற மாதிரி. பணம் போதாததால் கடந்த மாதம் எந்த மருந்தையாவது வாங்காமல் விட்டீர்களா, குறைத்தீர்களா, பாதியாக உடைத்தீர்களா? "இல்ல." உடனே வந்தது பதில், வீட்டுக்கு வந்த ஆளிடம் சொல்கிற பதில். "மருந்துக்குன்னு பென்சனைத் தனியா எடுத்து வச்சிருவேன். மருந்துல கைவைக்கது கிடையாது." வேறு எதில் கைவைத்தீர்கள் என்பது அடுத்த கேள்வி, அதற்கும் இல்லை என்றார், புஷ்பம் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காலைப் பார்த்தேன். சேலை விளிம்புக்குக் கீழே கணுக்கால் தெரியவில்லை, பாதமும் காலும் ஒரே உருளையாக வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாக. அம்மா, நீங்க மருந்து ஏதும் எடுக்கியளா? "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். ஒரு மாத்திரை எழுதினாங்க, போட்டா ராத்திரி பூரா எழும்பி எழும்பிப் போகணும். விட்டுட்டேன். ஒரு வீட்டுல ஒருத்தர் மாத்திரை தின்னாப் போதாதா?" அதைப் போட இடம் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர்தான் மாதிரியில் வருவார், யார் என்பதை டேப்பே தேர்ந்தெடுக்கும், காலையில் இருவர் பெயரையும் தட்டினேன், அது ஞானாபரணம் என்றது. புஷ்பம் அம்மாவின் கால் இந்த ஆய்வில் இல்லை. என் அம்மாவும் எந்த ஆய்விலும் இல்லை. நேற்று சாயந்தரம், முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ஊர்ல உள்ள கெழடுகட்டைய எல்லாம் போய்க் கேக்கியே இசக்கி, என்னைக் கேக்க மாட்டியா ஒன் கேள்விய?" என்றாள். கேலியாகத்தான். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், தின்னும்மா பேசாம என்றேன். அம்மாவின் மாத்திரை டப்பாவை நான் திறந்து பார்த்ததில்லை. வாங்கிக் கொடுப்பது நான், என்ன எது என்று கேட்டதில்லை, கேட்டால் பதில் வரும், வந்தால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். ஞானாபரணத்துக்கு இப்போது வேர்வை அடங்கியிருந்தது, கன்னம் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. எப்போது போட்டார் என்று நான் கவனிக்கவில்லை. மனைவி வாசலில் நிற்கும்போதே வாய்க்குள் தள்ளியிருக்கிறார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா. "நல்லாக் கேட்ட பிள்ள. யாரும் இப்படி உக்காந்து கேட்டதில்ல. டாக்டரு ரெண்டு நிமிசத்துல அனுப்பிருவாரு. நீ ஒண்ணொண்ணாக் கேட்ட. மனசுக்குத் திருப்தியா இருக்கு." திருப்தி. நான் டேப்பை மூடினேன். பைக்குள் வைத்தேன். எழுந்தேன். புஷ்பம் அம்மா தொடாத முறுக்கைக் காகிதத்தில் பொதிந்து என் கையில் திணித்தார், வேண்டாம் என்றேன், "வழியில தின்னுக்கிட்டே போ, யாரு பாக்கா" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது இடது கால் வாரில் விரல் நுழையவில்லை, குனிந்தேன், குனிந்தபடி அந்த வாக்கியம் மறுபடி நாக்குக்கு வந்தது, வெள்ளையும் பச்சையும், வெள்ளையும் பச்சையும். இப்போது நான் கேள்வி கேட்கிறவள் இல்லை, டேப் மூடியாயிற்று, வாசல்படி தாண்டினால் தெருவில் போகிற ஒருத்தி, தெருவில் போகிற ஒருத்தி சொல்லலாம். நிமிர்ந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்ப நின்றார், பையில் பச்சைத் தாள் லேசாகத் தெரிந்தது. சொல்லப்போனேன், மேலப்பாளையத்து அம்மாவின் வாய் மனதுக்குள் கோணியது, சொன்னேன்: "ஐயா, தவக்காலத்துக்கு வேற எதையாவது விடுங்க. முட்டாய் மட்டும் பையில இருக்கட்டும்." சொன்ன உடனே தெரிந்துவிட்டது. புஷ்பம் அம்மாவின் தலை மெல்லத் திரும்பியது. "முட்டாயா?" ஞானாபரணம் ஒரு நொடி திகைத்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா புஷ்பம், சர்க்கரைக்காரன முட்டாய் திங்கச் சொல்லுத மொத ஆளு இந்தப் பிள்ளதான். படிச்ச பிள்ள!" புஷ்பம் அம்மா சிரிக்கவில்லை. அவர் கணவரின் பைக்குள் கையை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்றாவதும் வந்தது. "இதுக்குத்தான் சட்டைல எறும்பு வருதா?" என்றார். அவற்றைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். "புதன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இன்னைக்கே விட்டுரட்டும். நல்லவேளை சொன்ன பிள்ள." இல்லம்மா, நான் சொன்னது, அவருக்குப் படபடப்பு வந்தா, என்று தொடங்கினேன். "வராது, வராது. முட்டாய் திங்கதாலதான் வருது" என்றார் அவர், உறுதியாக, ஒரு தாயின் உறுதியோடு, அந்த உறுதிக்கு எதிரே எனக்கு ஒரு விதி, ஒரு சந்தேகம், ஒரு பொட்டலம் முறுக்கு. ஞானாபரணம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையை விரித்துக் காட்டினார், மாட்டிக்கொண்டேன் என்று.

தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று டேப்பைத் திறந்தேன். சிவப்புப் பொத்தான். காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே மருந்து இரண்டு இடத்திலிருந்து என்று எழுதினேன், மிட்டாய் என்று எழுதினேன், அழித்தேன், தாழ்நிலைச் சர்க்கரை அறிகுறிகள் என்று எழுதினேன். உபவாசம் என்று எழுதினேன். போனை எடுக்க மாட்டார் என்று எழுதினேன். கட்டம் நிறைந்துவிட்டது, கடைசிச் சொல்லின் பாதியை அது ஏற்கவில்லை. அனுப்பினேன். உங்கள் பதிவு பெறப்பட்டது என்று வந்தது, பச்சை எழுத்தில். திரும்பிப் போய் புஷ்பம் அம்மாவிடம் அந்த மூன்று மிட்டாயையாவது வாங்கி அவர் பையில் போட்டுவிட்டு வரலாம், போனால் என்ன சொல்வேன், ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல நான் யார், கதவைத் தட்டினால் மறுபடி காப்பி குடிக்கியா பிள்ள என்பார்கள். வெயில் மரத்துக்குள்ளேயும் இறங்கியது. பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன், எண்ணெய் வாடையில்லாத புது முறுக்கு, எனக்காகக் காலையில் சுட்டது போலிருக்கிறது. டேப் அடுத்த வீட்டைக் காட்டியது. கதவு எண் முப்பத்தொன்று, பெண், அறுபத்தெட்டு. சாயந்தரம் போய் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே முகத்தைத் துடைத்து, கல்லாக்கி, நடந்தேன்.

மையத்து டாக்டர் மூன்று முறை அழைத்தார், எடுக்கப்படவில்லை. மார்ச் ஐந்தாம் தேதி, சாம்பல் புதன், காலைப் பூசை முடிந்து வரும்போது ஞானாபரணம் கோயில் படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். புதிதாக ஐந்து மருந்துகள் எழுதப்பட்டிருந்தன. பழைய மாத்திரைகளைத் தொடரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.